எழுத்து ஏறாத குழந்தையும் மூளையின் அமைப்பும்

(கோட்டுச்சேரியில் உழவர்களும் பஞ்சாயத்து ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கூடும்போதெல்லாம் நாம் வாய்க்கால், சாலை, குடிநீர், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். அது இயற்கையே. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதே ஆண்டுதோறும் முதற்கவலை. எனினும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் வீட்டுக் குழந்தைகளுள் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் எழுத்து ஏறுவதில்லை. அவர்களைப் பற்றியும், அவர்களுடைய மூளையின் அமைப்பைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ள செய்திகளைப் பற்றியும் பேசக் கருதுகிறோம்.

மூளையைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் உழவர் கூட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. எழுத்து ஏறாத குழந்தையை நாம் என்ன செய்கிறோம்? சோம்பேறி என்கிறோம், மக்கு என்கிறோம், அடிக்கிறோம். இறுதியில், "இவனுக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறோம். பையனாயின் கூலி வேலைக்கும், பெண்ணாயின் அடுப்படிக்கும் அனுப்பிவிடுகிறோம். அந்த முடிவு சரியானதா, தவறானதா என்பதே இன்றைய கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கே மூளையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

குறை எது, குறையல்லாதது எது

எழுத்து ஏறாமைக்குக் காரணங்கள் பல. கண் பார்வை மங்கியிருக்கலாம். செவித்திறன் குறைந்திருக்கலாம். குழந்தை அடிக்கடி பள்ளிக்கு வராமல் நின்றிருக்கலாம். இரத்தசோகையால் சோர்ந்திருக்கலாம். இவை ஒன்றும் இல்லாமல், அறிவிலும் குறைவின்றி, முறையாகப் பள்ளிக்குச் சென்றும், வாசிப்பதும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதும் மட்டும் ஒரு குழந்தைக்குப் பெருந்துன்பமாக இருக்குமானால், அந்நிலையையே மருத்துவர்கள் டிஸ்லெக்சியா என்கின்றனர். நாம் அதனை வாசிப்புக் குறைபாடு என்று சொல்லலாம். எந்த அளவுகோலைக் கொள்கிறோமோ அதற்கேற்ப எண்ணிக்கை மாறும். ஆயினும் நூறு குழந்தைகளில் 5 முதல் 10 பேர் வரை இக்குறை உடையவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்படியாயின், 40 குழந்தைகள் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பர். எந்த ஊரும் இதற்கு விலக்கன்று.

இக்குறையின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை; பேச்சொலியைப் பகுத்தறிவதில் இருக்கிறது. "பட்டம்" என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் "க" என்று வைத்தால் என்ன சொல் கிடைக்கும் என்று ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டால், விளையாட்டாகக் "கட்டம்" என்று சொல்லிவிடும். வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தை திகைக்கும். சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரிக்க இயலாதபோது, அந்த ஒலிகளுக்கு உரிய எழுத்துக்களை மனத்தில் பதிப்பது எவ்வாறு இயலும்?

தமிழில் 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஓர் ஆய்தமும் சேர்ந்து 247 எழுத்துக்கள். ல, ள, ழ என்பவையும், ன, ண, ந என்பவையும் ஒலியில் நெருங்கியவை. "கெ", "கே" என்று எழுதுகையில் கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால் அதன் ஒலி பின்னே வருகிறது. இவை எல்லாக் குழந்தைகளுக்கும் சற்றுத் தடையாகவே இருக்கும். பிற குழந்தைகள் சில மாதங்களில் தாண்டிவிடும் இத்தடையில் இக்குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவர். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும் மொழிகளில் பிழைகளைவிட மெதுவாக வாசித்தலே இக்குறையின் முதன்மையான அடையாளம். ஆகவே, பிழையின்றி ஆனால் மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கும் குழந்தையையும் நாம் கவனித்தல் வேண்டும்.

ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இத்துறையில் அடிகோலினர். 1861ஆம் ஆண்டில் பால் புரோக்கா என்பவர், பேச்சைப் பிறப்பிக்கும் ஆற்றல் மூளையின் இடப்புற முன்பகுதியைச் சார்ந்தது என்று காட்டினார். 1892ஆம் ஆண்டில் ஜூல் தெஜெரின் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்குக் கண் தெரியும், பேச இயலும், எழுதவும் இயலும், ஆனால் தாம் எழுதியதையே வாசிக்க இயலாது. அவர் இறந்த பின் ஆராய்ந்தபோது மூளையின் இடப்புறப் பின்பகுதி கெட்டிருந்தது தெரியவந்தது. வாசிப்புக்கென்று மூளையில் ஓர் அமைப்பு இருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் வழங்கியவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின். இவர்கள் கண்டவை வளர்ந்தவர்களுக்கு நோயால் நேர்ந்தவை. பிறவியிலேயே இத்தகைய குறை உண்டு என்பதை 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கில் மார்கன் எடுத்துரைத்தார். அவர் கண்ட சிறுவனுக்கு வயது 14. அறிவுள்ளவன், கணக்கில் தேர்ந்தவன், ஆனால் வாசிக்க இயலாதவன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். இத்தகைய பிள்ளைகள் நம் ஊர்களிலும் உண்டு. மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவார்கள். காற்றின் திசையைப் பார்த்து மழையைச் சொல்வார்கள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்து நிற்பார்கள்.

மூளையில் காணும் வேறுபாடு

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையின் மேற்பரப்பு சாம்பல் நிறமானது. அங்கேதான் நரம்பணுக்களின் உடல்கள் செறிந்துள்ளன. அதன் உள்ளே வெண்ணிறமான பகுதி இருக்கிறது. அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செய்தி கொண்டு செல்லும் நீண்ட இழைகளின் தொகுதி. சாம்பல் பகுதியை வயல் என்றும், வெண்பகுதியை வாய்க்கால் என்றும் கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும்.

மனிதன் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் தலைமுறைகள் ஆயின. எழுதத் தொடங்கியதோ ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆதலால் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஆயத்தமான உறுப்பு நம்மிடம் இல்லை. பேச்சுக்கும் பார்வைக்கும் ஏற்பட்ட பகுதிகளை இணைத்தே குழந்தை வாசிக்கக் கற்கிறது. பெரும்பாலோருக்கு இவ்வேலை மூளையின் இடப்புறத்தில் மூன்று இடங்களில் நடைபெறுகிறது. முன்பகுதியில் ஒலிப்பு, காதுக்கு மேலும் பின்னும் உள்ள பகுதியில் ஒலியையும் எழுத்தையும் பொருத்துதல், பின்புறத்தின் அடிப்பகுதியில் சொல்லைக் கண்டதும் அறிதல். இம்மூன்றையும் நரம்பு இழைக் கற்றைகள் இணைக்கின்றன; அவற்றுள் ஒன்று வில்போல் வளைந்து செல்கிறது.

1979இல் அமெரிக்காவில் கலபுர்தா, கெம்பர் என்னும் இருவர், வாசிப்புக் குறைபாட்டுடன் வாழ்ந்து இறந்த ஓர் இளைஞரின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். இடப்புற மொழிப் பகுதியில் சில நரம்பணுத் திரள்கள் தம் இடத்தைவிட்டு விலகி அமைந்திருந்தன. கரு வளர்ச்சியின்போதே இவ்விலகல் நேர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஆனால் இவ்வாறு ஆராயப்பட்ட மூளைகள் மிகச் சிலவே.

பின்னர் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவி வந்தது. உயிருடன் இருப்போரின் மூளையைக் கத்தி படாமல் காண வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இடப்புறத்தில் காதுக்குப் பின்னுள்ள வெண்ணிற இழைகளின் ஒழுங்கு வாசிப்பில் பின்தங்கியவர்களிடம் குறைந்திருப்பதைக் காட்டியது. 2001இல் இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டினரையும் ஒப்பிட்டனர். எழுத்துமுறை எளிதான இத்தாலியர் பிழை குறைவாக வாசித்தனர். ஆயினும் மூளையின் இடப்புறப் பின்பகுதியில் இயக்கக் குறைவு மூவரிடமும் ஒன்றாகவே இருந்தது. சீன எழுத்தை வாசிக்கும் குழந்தைகளிடமோ, இடப்புற முன்பகுதியில் வேறுபாடு மிகுந்திருப்பதாக 2004, 2008 ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் கூறின. எனவே மொழியும் எழுத்தும் மாறும்போது குறையின் தோற்றம் ஓரளவு மாறக்கூடும் என்பது தெரிகிறது.

காரணமா, விளைவா?

இங்கே உழவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. பயிர் குட்டையாக நிற்கிறது என்றால், அது விதையின் குறையா, அல்லது தண்ணீர் பாயாத குறையா? அதுபோலவே, மூளையில் வேறுபாடு இருப்பதால் குழந்தை வாசிக்கவில்லையா? அல்லது குழந்தை வாசிக்காமையால் மூளையில் வேறுபாடு தோன்றிற்றா?

இக்கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டனர். பாஸ்டன் நகரில் நடந்த ஆராய்ச்சிகள் 2011, 2012 ஆண்டுகளில் வெளிவந்தன. குடும்பத்தில் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம், அவர்கள் எழுத்தைக் கற்குமுன்பே சில வேறுபாடுகள் காணப்பட்டன. இக்குறை குடும்ப வழியே பெரிதும் தொடர்வது என்பதும் உறுதியானதே. ஆகவே விதைக்கும் பங்கு உண்டு. மறுபுறம், 2014இல் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் வேறொரு வகையில் ஒப்பிட்டனர். இக்குறையுடைய குழந்தைகளை ஒத்த வயதினருடன் மட்டுமன்றி, அவர்கள் அளவிற்கே வாசிக்கும் இளைய குழந்தைகளுடனும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்போது சாம்பல் பகுதியில் முன்பு கண்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. அதாவது, அவ்வேறுபாடுகளில் ஒரு பகுதி வாசிப்புப் பயிற்சி குறைந்ததன் விளைவே. தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

இதற்கு நம் நாட்டுக் கிராமங்களே ஒரு சான்று அளித்துள்ளன. உத்தரப் பிரதேசத்தில் லக்னோ நகரை அடுத்த கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத வளர்ந்தோருக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டிய பெண்கள். கற்பதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தனர். ஜெர்மனி, நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்களும் நம் நாட்டாரும் சேர்ந்து நடத்திய இவ்வாராய்ச்சி 2017இல் வெளிவந்தது. மூளையின் மேற்பரப்பு மட்டுமன்றி, ஆழத்தில் உள்ள தலாமஸ், மூளைத்தண்டு ஆகியவையும் பார்வைப் பகுதியுடன் முன்னிலும் ஒத்திசைந்து இயங்கக் கற்றிருந்தன. தலாமஸில் காணும் வேறுபாட்டை டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் என்று கூறுவதற்குமுன் மீண்டும் சிந்திக்க வேண்டும் என்று அவ்வாராய்ச்சியாளர் எழுதினர். 1990களின் தொடக்கத்தில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கத்தில் நம் தாய்மார்கள் அரிக்கன் விளக்கடியில் கையெழுத்துப் பழகியபோது, அவர்களுடைய மூளையும் மாறிக்கொண்டுதான் இருந்தது என்று இன்று நாம் துணிந்து சொல்லலாம். முப்பது வயதில் மாறும் மூளை எட்டு வயதில் மாறாதா?

மாறும் என்பதே விடை. 2009இல் அமெரிக்காவில் 8 முதல் 10 வயது வரையுள்ள, வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு 100 மணி நேரம் செறிந்த பயிற்சி அளித்தபின், இடப்புற முன்பகுதியின் வெண்ணிற இழைகள் சீரடைந்தன. 2018இல் சியாட்டில் நகரிலும் எட்டு வாரப் பயிற்சியில் இத்தகைய மாற்றம் காணப்பட்டது. தூர்ந்த வாய்க்காலைக் கண்டு, "இதில் தண்ணீர் ஓடாது" என்று நாம் நிலத்தைத் தரிசாக விடுவதில்லை. மண்வெட்டியை எடுத்துத் தூர் வாருகிறோம். குழந்தை விஷயத்திலும் செய்யத்தக்கது அதுவே.

ஓர் எச்சரிக்கை

மூளையில் வேறுபாடு என்றதும், உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எவரும் நகையை அடகு வைக்க வேண்டா. மேலே சொன்ன வேறுபாடுகள் யாவும் பலரைச் சேர்த்து எடுத்த சராசரியில் தோன்றுபவை. இரண்டு நெல் வகைகளின் சராசரி உயரம் வேறாக இருக்கலாம். ஆயினும் ஒரே ஒரு பயிரின் உயரத்தை மட்டும் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல இயலாது. அவ்வாறே, ஒரு குழந்தைக்கு இக்குறை உண்டா, இல்லையா என்பதை மூளைப் படத்தைக் கொண்டு இன்று எவரும் கூற இயலாது. வாசிக்கச் செய்தும், எழுதச் செய்தும், ஒலிகளைப் பிரிக்கச் செய்துமே அறிகின்றனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் இதற்கெனத் தேர்வுமுறை வகுத்துள்ளது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சோதனை முறைகளை வெளியிட்டது. டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் மாத்திரையோ, எண்ணெயோ, தாயத்தோ கிடையாது. அவ்வாறு விற்பவரிடம் ஏமாறலாகாது.

செய்ய வேண்டியவை

பயன் தருவது முறையான கற்பித்தல் ஒன்றே. ஓர் ஒலி, அதற்குரிய ஓர் எழுத்து என்று படிப்படியாக, விளக்கமாக, நாள்தோறும், சிறு சிறு அளவில் கற்பிக்க வேண்டும். முன்பாடம் பதிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கண்ணால் கண்டு, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் எழுதிப் பழகும் முறையைச் சிறப்பாசிரியர்கள் கையாளுகின்றனர். இது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினர். 1706இல் அண்டையிலுள்ள தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியாரும் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் கற்றார். சென்னையில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிப்பதிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டு வருகிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைகளே இடம்பெற்றன. இக்குறை அவற்றில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. அவற்றுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பள்ளிகள் இதனை இளமையிலேயே கண்டறிந்து, தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு விதிக்கிறது. உரிய சான்று பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருவோர் உதவி முதலிய சலுகைகள் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் காப்பாளரும் ஆக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அக்குழுவில் இடம் உண்டு. அந்த இடத்தை நாம் பயன்படுத்துகிறோமா?

பஞ்சாயத்தார் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கண், செவிப் பரிசோதனை நடக்க ஏற்பாடு செய்யலாம். இரண்டாவதாக, இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே வாசிப்பில் பின்தங்கியவர்களை ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து, சிறப்பாசிரியரை அனுப்புமாறு கல்வித் துறையைக் கேட்கலாம். மூன்றாவதாக, ஊரில் படித்த இளைஞர்களையும் பெண்களையும் கொண்டு, நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ நாள்தோறும் அரை மணி நேர வாசிப்பு வகுப்பு நடத்தலாம். நான்காவதாக, படிப்பை நிறுத்திய ஒவ்வொரு குழந்தையின் வீட்டிற்கும் சென்று காரணம் கேட்கலாம். ஐந்தாவதாக, எழுதத் தெரியாத தாய்மார்களும் அந்தாதி விளையாட்டும் சொல் விளையாட்டும் விளையாடிக் குழந்தையின் காதைப் பழக்கலாம். இதற்குப் புத்தகமே தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் குழந்தை வாசிக்கத் திணறினால், அதனை அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டா. அதற்கு எது நன்றாக வருகிறதோ அதனைப் பாராட்டுங்கள். வாசிப்புக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு பருவத்தில் திருந்தாவிட்டால் மனம் தளர வேண்டா. இக்குறை முற்றிலும் நீங்காமல் வாழ்நாள் முழுவதும் ஓரளவு தொடரலாம். ஆயினும் அதனோடேயே வாசிக்கக் கற்று, உயர்ந்த தொழில்களில் சிறந்து விளங்குவோர் உலகெங்கும் உள்ளனர்.

மேட்டூர் திறந்ததும் தலைமடைக்குத் தண்ணீர் தானே வந்துவிடும். கடைமடைக்கு வந்து சேர, மதகைப் பார்ப்பவரும் வாய்க்காலைப் பார்ப்பவரும் தேவை என்பதை நம்மைவிட அறிந்தவர் இல்லை. கல்வியின் கடைமடையில் நிற்கும் இக்குழந்தைகளுக்கும் அத்தகைய கவனம் தேவை. வருகிற பள்ளி ஆண்டு தொடங்குமுன் நம் ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுப்போம். பெயர் தெரிந்த பின் வேலை எளிதாகும்.